முழுக்க முழுக்க நம் கல்லூரித் தயாரிப்பு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் புதுச்சத்திரம் தாண்டியதும் இடதுகைப் பக்கம் ஒரு பெரிய வளைவு நிற்கும். அதில் ‘நவஞானம் பொறியியல் கல்லூரி’ என்று எழுதி, எழுத்துக்கு மேலே தாளாளர் சிங்காரம் கைகூப்பி நிற்கிற படம் இருக்கும். எழுத்தைவிடப் படம் பெரியது. சிங்காரம் முன்பு பண்ருட்டியில் முந்திரி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தவர். கல்லூரி ஆரம்பித்த பிறகும் தரம் பிரிக்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. முதல் வருஷப் பிள்ளைகளை முழுப்பருப்பு, அரைப்பருப்பு, தூள் என்று மூன்றாகப் பிரித்துத்தான் வகுப்பில் உட்காரவைப்பார். வாத்தியார்களையும் அப்படியே பிரித்து, தூளுக்குத் தூளைப் போடுவார்.

அங்கே கம்ப்யூட்டர் லேப்பில் ஒன்பது வருஷமாக உதவியாளராக இருந்தான் சார்லஸ். ஊர் மஞ்சக்குப்பம். டிப்ளமோ படித்தவன். காலையில் அறுபது கம்ப்யூட்டரைப் போடுவது, சாயங்காலம் அறுபதையும் அணைப்பது, நடுவில் மாணவர்கள் வாசலில் விட்ட செருப்பு வரிசையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. வேலையில் சேர்ந்த அன்றே அவனுடைய ஒரிஜினல் சான்றிதழ்களைத் தாளாளர் வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். எல்லோருடையதும் அங்கேதான் பத்திரமாக இருந்தது.

சார்லஸுக்கு யாரிடமும் சொல்லாத ஓர் ஆசை உண்டு. கார் பந்தய விளையாட்டு. முப்பத்துமூன்று வயதில் ஓர் ஆண்பிள்ளை இதை வெளியே சொல்ல முடியாது. லேப் கம்ப்யூட்டரில் போட்டால் கார் ஓடாது, தவணை முறையில் நகரும். நல்ல கேமிங் லேப்டாப் ஒன்று வேண்டுமென்று பாண்டிச்சேரியில் ஒரு பெரிய கடைக்குப் போனான். வாங்குகிறவர்கள் மட்டும் தொடலாம் என்று அங்கே சொன்னார்கள். தொடாமல் திரும்பி வந்தான்.

அதற்குப் பிறகுதான் உதிரிப் பாகங்களை வாங்கி நாமே ஒன்றாகப் பூட்டினால் என்ன என்று தோன்றியது. மேசைக் கம்ப்யூட்டரை யார் வேண்டுமானாலும் பூட்டலாம். உள்ளே குடித்தனம் நடத்துகிற அளவுக்கு இடம் இருக்கும். லேப்டாப் அப்படியில்லை. திருகாணியெல்லாம் எறும்பு மாதிரி இருக்கும், கீழே விழுந்தால் போனதுதான். சென்னை ரிச்சி தெருவில் திரையும் விசைப்பலகையும் மட்டும் இருக்கிற வெறுங்கூடு ஒன்றைப் பிடித்தான். மூளை, நினைவகம், கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க ஏழு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவான். திருகாணிகளைப் போட்டுவைக்க அவன் மனைவி ஜெயராணி இட்லித் தட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவள் கடலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆபரேஷன் மாதிரிதான் இருக்கு மாமா, உயிர் வந்தா சரி என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

உயிர் வந்தது. ஆனால் சூடும் வந்தது. பதினைந்து நிமிஷம் ஓடினால் அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகி, தானே அணைந்துவிடும். வீட்டில் வைத்துப் பார்த்துத் தோற்றுப்போய், ஒருநாள் அதைப் பையில் போட்டு லேப்புக்கே எடுத்துவந்தான். அங்கேதான் வினோதினி பார்த்தாள். ஸ்ரீமுஷ்ணத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தாளாளர் கணக்கில் அரைப்பருப்பு. சும்மா வேடிக்கை பார்க்கிறாள் என்று சார்லஸ் நினைத்தான். அவள் இரண்டு நாள் தெர்மாமீட்டர் வைத்துக் குறித்துக்கொண்டு, மூன்றாவது நாள் ஒரு காகிதத்தை நீட்டினாள். காற்று உள்ளே வரவேண்டிய வழி தப்பான பக்கத்தில் இருக்கிறது, அடியில் இந்த இடத்தில் இவ்வளவு அகலத்துக்கு வெட்டுங்கள், செம்புத் தகட்டை இவ்வளவு நீளமாக்குங்கள் என்று படம் போட்டு எழுதியிருந்தாள். அவன் அப்படியே வெட்டினான். மெஷின் இரண்டு மணி நேரம் அசராமல் ஓடியது. செங்கல் மாதிரி கனமாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தது; ஆனால் ஓடியது. வினோதினி இதையே தன் கடைசி வருஷப் புராஜெக்டாக எழுதிக்கொடுத்தாள். அவளுடைய கைடு அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவருக்கு எதையும் படிக்கிற வழக்கமில்லை; அதனால் யாரிடமும் பாரபட்சம் கிடையாது.

இது நடந்தது 2010 ஆகஸ்டில். செப்டம்பரில் ஒரு மதியம் சார்லஸ் சாப்பாட்டு நேரத்தில் லேப் கதவைச் சாத்திக்கொண்டு கார் ஓட்டிக்கொண்டிருந்தான். முதல்வர் வைத்திலிங்கம் வராந்தாவில் ரவுண்ட்ஸ் வந்தவர், கல்லூரிக்குள் கார் எப்படி வந்தது என்று கதவைத் திறந்தார். சார்லஸ் எழுந்து நின்றான். திரையில் அவன் கார் சுவரில் மோதி எரிந்தது. இது எந்தக் கம்பெனி என்று முதல்வர் கேட்டார். கம்பெனி இல்லைங்க சார், நானே பூட்டினது என்று சார்லஸ் சொன்னான். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

முதல்வர் முகத்தில் கோபம் வரவில்லை, வெளிச்சம் வந்தது. காரணம் இருந்தது. அந்த வருஷம் கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு வல்லுநர் குழு வரப்போகிறது. அதற்கு நிரப்ப வேண்டிய படிவத்தில் ‘நிறுவனத்தில் உருவான கண்டுபிடிப்புகள்’ என்று ஒரு கட்டம். பதினோரு வருஷமாகக் கல்லூரி அதில் ‘இல்லை’ என்று எழுதி வந்தது. ஒரு வருஷம் தட்டச்சில் தவறி ‘எல்லை’ என்று விழுந்து, கண்டுபிடிப்புகள் எல்லை என்று போய்விட்டது. அதையும் யாரும் கேட்கவில்லை.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. கல்லூரி தன் சொந்த முயற்சியில் ஒரு மடிக்கணினியை உருவாக்கியிருப்பதாகவும், அதை மேம்படுத்த எழுவர் குழு அமைக்கப்படுவதாகவும் அதில் இருந்தது. எழுவரில் சார்லஸ் இல்லை. குழுக் கூட்டத்துக்கு டீயும் மசால் வடையும் ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

முதல் மூன்று கூட்டம் அதற்குப் பெயர் வைப்பதற்கே போயிற்று. கேமிங் என்ற சொல் கல்லூரிக்குள் நுழையக் கூடாது என்று முதல்வர் உறுதியாக இருந்தார். விளையாட்டுக்குத்தான் மைதானம் இருக்கிறதே, அதையே நாம் பூட்டி வைத்திருக்கிறோமே என்று கேட்டார். கடைசியில் ‘பல்நோக்கு உயர்வேக மடிக்கணினி, சிங்காரம்-1’ என்று தீர்மானம் ஆனது. தாளாளர் அடக்கமானவர். தன் பெயர் வேண்டாம் என்று இரண்டு முறை மறுத்தார். மறுத்ததைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொன்னார்.

அடுத்து கொள்முதல் பிரிவு கிளம்பியது. கல்லூரிக்குள் இருக்கிற எந்தப் பொருளுக்கும் மூன்று விலைப்புள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. சார்லஸ் பூட்டிய லேப்டாப்புக்கு இரண்டு கடையிலிருந்து விலைப்புள்ளி வாங்கிவரச் சொன்னார்கள். மூன்றாவது விலைப்புள்ளியை அவனே அவனுக்கு எழுதிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தார்கள். அதற்குப் பின் சரக்குப் பதிவேட்டில் ஏற்றி, அடியில் வெள்ளைப் பெயின்டால் 4417 என்று எண் எழுதினார்கள். எண் எழுதின பிறகு அது கல்லூரிச் சொத்து, வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று சொன்னார்கள். சார்லஸ் அது தன் பொருள் என்று சொல்ல வாயெடுத்தான். டெக்னிக்கல் ஆபீஸர் பதவிக்கு உன் பேரைத்தான் யோசிக்கிறோம் என்று முதல்வர் முந்திக்கொண்டார். வாயை மூடிக்கொண்டான். பிற்பாடு யோசித்துப் பார்க்கும்போது, முதல் தப்பு அங்கேதான் நடந்தது என்று அவனுக்குத் தோன்றும்.

பிறகு ஒவ்வொரு துறையும் பங்கு கேட்டது. மெக்கானிக்கல்காரர்கள் தங்கள் பங்களிப்பாக அதற்குக் கல்லூரியின் மெரூன் நிறத்தில் எனாமல் பெயின்ட் அடித்தார்கள். அடித்தது கல்லூரிப் பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிற கொளஞ்சியப்பன். பஸ்ஸுக்கு அடிக்கிற மாதிரியே மூன்று கோட்டிங் தாராளமாக அடித்தார். எலக்ட்ரிகல்காரர்கள் அதை ஒரு ஸ்டெபிலைசரோடு நிரந்தரமாக இணைத்தார்கள். சிவில்காரர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவர்கள் அதை வைக்க சிமென்ட் பீடம் கட்டி, டைல்ஸ் ஒட்டினார்கள். மடியில் வைக்கிற கணினி இப்போது இரண்டு பேர் தூக்கினாலும் நகராது. வினோதினி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, காத்துவழி மேலயே பெயின்ட் அடிச்சிட்டாங்களே சார் என்று கேட்டாள். குழுவில் சொல்கிறேன் என்று சார்லஸ் சொன்னான். சொல்லவில்லை. வடை சூடாக இருக்கிறதா என்று அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

அக்டோபரில் ஆயுத பூஜை. சிங்காரம்-1 க்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றினார்கள். தாளாளர் தம் கையாலேயே பன்னீர் தெளித்தார். பன்னீர்ச் செம்பின் மூடி கழன்று, இருந்தது முழுவதும் விசைப்பலகையில் இறங்கியது. கூட்டம் கைதட்டியது. திரை ஒருமுறை நீலமாக மின்னி, பிறகு கறுத்தது. நல்ல சகுனம் என்று முதல்வர் சொன்னார்.

சார்லஸ் அதை அவிழ்த்துத் துடைத்து, ஒரு வாரம் வெயிலில் காயவைத்துப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. டிசம்பரில் வல்லுநர் குழு வருகிறது. முதல்வர் அவனை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு புது லேப்டாப் இருந்தது. பளபளவென்று, பார்த்ததும் கண் குத்துகிற மாதிரி. பாண்டிச்சேரியில் அவன் தொடாமல் வந்தானே, அந்த வகை. கம்பெனிப் பெயர் இருக்கிற இடத்தில் தாளாளர் கைகூப்பி நிற்கிற வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அடியில் 4417 என்று எழுதியிருந்தது.

சார்லஸுக்குப் புரியவில்லை என்று நினைத்து முதல்வர் விளக்கினார். “மிஸ்டர் சார்லஸ், நீங்க செஞ்சீங்கன்னா இன்னா அர்த்தம்? பத்துப் பொருளை வாங்கி ஒண்ணாப் பூட்டினீங்க. அந்தப் பத்தையும் நீங்களா செஞ்சீங்க? இல்ல. வாங்கினீங்க. நாங்களும் வாங்கினோம். நீங்க பத்து தடவ வாங்கினீங்க, நாங்க ஒரே தடவையா வாங்கிட்டோம். எண்ணிக்கைதான் வித்தியாசம். ஆராய்ச்சின்னா எண்ணிக்கையைக் குறைக்கறதுதான்.”

சார்லஸ் யோசித்துப் பார்த்தான். பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல நினைத்ததும் இரும்பு அலமாரி ஞாபகம் வந்தது. சரிங்க சார் என்றான். உன் மெஷினை ஸ்டோர் ரூமில் போட்டுவிடு என்றார் முதல்வர். பழைய மெஷினுக்கு இப்போது எண் கிடையாது. எண் புதிதுக்குப் போய்விட்டது. எண் இல்லாத பொருள் கல்லூரியில் இருக்க முடியாது என்பதால் அது இல்லை என்று ஆகிவிட்டதாக ஸ்டோர் கீப்பர் சொன்னார். இல்லாததை ஒரு சாக்கில் சுற்றி, பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் சார்லஸ் வைத்துவிட்டு வந்தான். ஜெயராணியிடம் மெஷின் ரிப்பேர் என்று மட்டும் சொன்னான். ரிப்பேர்னா தூக்கிட்டு வா மாமா, பாக்கலாம் என்றாள். அவன் குளிக்கப் போய்விட்டான்.

வல்லுநர் குழு வந்தது. மூன்று பேர். வளைவிலிருந்து லேப் வரைக்கும் பிள்ளைகளை இரண்டு பக்கமும் நிறுத்தி ரோஜா இதழ் போடவைத்தார்கள். தூள் வகுப்பை அன்றைக்குக் கல்விச் சுற்றுலா என்று பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சிமென்ட் பீடத்தின் மேல் சிங்காரம்-1 மின்னிக்கொண்டிருந்தது. தாளாளர் பேசினார். “வெளிநாட்டுக்காரன் செஞ்சத வாங்கி வச்சிக்கற கூட்டமில்ல நாங்க. இதுல ஒரு திருகாணி வெளியிலேர்ந்து வந்ததுன்னு யாராச்சும் நிரூபிச்சா இந்தக் கல்லூரிய மூடிட்டு மறுபடியும் முந்திரிக்கே போயிடறேன். எனக்கு இப்பவும் அதுதான் நல்லாத் தெரியும்.” இதை முதல்வர் இங்கிலீஷில் மொழிபெயர்க்கும்போது கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டார்.

குழுத் தலைவர் வயதானவர், அமைதியாக இருந்தார். இதைச் செய்தது யார் என்று கேட்டார். கடன் வாங்கின கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்த சார்லஸை முன்னால் தள்ளினார்கள். நான்தான் சார் என்றான். அதுவரைக்கும் மனப்பாடம் பண்ணியிருந்தான். அவர் அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. சூட்டை எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டார். சார்லஸ் மெஷினின் அடிப்பக்கத்தைத் தடவினான். அவன் கையால் வெட்டிய ஓட்டை, செம்புத் தகடு எல்லாம் ஞாபகம் வந்தன. ஆனால் எதிரில் இருக்கிற மெஷினில் அது ஒன்றும் இல்லை.

அப்போதுதான் மாணவர் வரிசையிலிருந்து வினோதினி முன்னால் வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. சார்லஸ் திணறுவதைப் பார்த்து, உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் வந்தாள். நல்ல இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னாள்: இது கடையில் வாங்கியது. சார்லஸ் சார் செய்தது வேறு. அது இதைவிடத் தடிமன், அழகும் இல்லை; ஆனால் அதுதான் நிஜமாகச் செய்தது. சூட்டுக்கான வழி என் புராஜெக்டில் இருக்கிறது. அந்த மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஸ்டோர் ரூமில்தான் இருக்கும். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அது தனக்காக இல்லை. அதுதான் சார்லஸை இன்று வரைக்கும் குத்துகிறது.

குழுத் தலைவர் சார்லஸைப் பார்த்தார். அப்படி ஒரு மெஷின் இருக்கிறதா என்று கேட்டார்.

“இல்லைங்க சார்,” என்றான் சார்லஸ். “அந்தப் பொண்ணு ஏதோ கன்ஃப்யூஸ் ஆயிடுச்சி.”

முதல் வாக்கியத்தை, பழைய மெஷினைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வதற்காக, முதல்வர் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். இரண்டாவதைச் சொல்லச்சொல்லி யாரும் அவனைக் கேட்கவில்லை. அது தானாக வந்தது.

கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. சாலை நெடுக ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஜனவரி முதல் வாரம் வினோதினி மேல் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அமைத்தார்கள். நிறுவனத்தின் மாண்புக்குக் குந்தகம் விளைவித்தது, இல்லாத பொருளை இருப்பதாகச் சொன்னது, இல்லாத பொருளைப் பற்றிப் புராஜெக்ட் எழுதியது என்று மூன்று குற்றச்சாட்டு. குழுவுக்குத் தொழில்நுட்ப உறுப்பினர் ஒருவர் தேவைப்பட்டார். டெக்னிக்கல் ஆபீஸர் சார்லஸை நியமித்தார்கள். ஆமாம், பதவி வந்திருந்தது. சம்பளம் பழையதுதான், நாற்காலிக்குக் கைப்பிடி வைத்துக் கொடுத்தார்கள்.

விசாரணை அன்றைக்கு வினோதினியின் அப்பா சுப்பராயலு வந்திருந்தார். ஸ்ரீமுஷ்ணத்தில் சொந்த டிராக்டரை வாடகைக்கு ஓட்டுகிறவர். வெள்ளை வேட்டி கட்டி, அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே நுழைந்ததும் வரிசையாக எல்லோரையும் கும்பிட்டார். சார்லஸையும் கும்பிட்டார். ஒரு நாற்காலி காலியாக இருந்தது; அவரை உட்காரச் சொல்லவில்லை. முதல்வர் அரை மணி நேரம் பேசினார். உண்மை என்பது ஒரு நிறுவனத்தில் தனி ஆள் தீர்மானிக்கிற விஷயம் இல்லை, அதற்கு முறைப்படி குழு இருக்கிறது, குழு கூடுவதற்கு முன்பே உண்மையைச் சொல்வது ஒழுங்கீனம் என்றார். சுப்பராயலு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். தப்புதாங்க, தப்புதாங்க என்றார். எது தப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. பதினைந்து நாள் கல்லூரிக்கு வரக்கூடாது. புராஜெக்ட் ரத்து, வேறு தலைப்பில் புதிதாகச் செய்ய வேண்டும். அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் சென்னைக் கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்க வருகின்றன என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கடிதத்தை நீட்டவேண்டிய வேலை தொழில்நுட்ப உறுப்பினருக்கு விழுந்தது.

வினோதினி பேனாவை எடுத்தாள். போடவில்லை. சார்லஸை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் போட்டுடறேன் சார். நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த மெஷின் இருந்துச்சா, இல்லியா? எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமாப் போச்சி.”

சார்லஸ் காகிதத்தைப் பார்த்தான்.

“தேதியும் சேத்துப் போடும்மா,” என்றான்.

அவள் தேதியும் போட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் நடந்தது. விடைத்தாள் கட்டுகளைக் காயலான் கடைக்கு அனுப்பினபோது அடியில் இருந்த சாக்கும் அதோடு போய்விட்டது. இன்னொன்று, கடையில் வாங்கிய சிங்காரம்-1 ஐத் கடலூர் செம்மண்டலத்தில் இருந்த தாளாளரின் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். உயர்நிலை ஆய்வுக்காக என்று பதிவேட்டில் எழுதியிருந்தது. ஒரு சனிக்கிழமை சார்லஸை அங்கே வரச்சொன்னார்கள். தாளாளரின் மருமகன் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இதுல கார் ரேஸ் போட்டுக் குடுங்க என்றார். சார்லஸ் தரையில் உட்கார்ந்து போட்டுக்கொடுத்தான். கார் அருமையாக ஓடியது. நீயும் ஒரு ரவுண்டு ஓட்டுய்யா என்று மருமகன் பெரிய மனசோடு நீட்டினார். அவ்வளவு ஆசைப்பட்ட விளையாட்டு. அவனால் தொட முடியவில்லை. கை ஈரமா இருக்குங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான்.

அன்றைக்குத்தான் ஜெயராணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி முகம் மாறாமல் கேட்டாள். அவன் முடித்ததும், இத ஏன் எங்கிட்ட சொல்ற என்று மட்டும் கேட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குக் கிளம்பி நின்றவனிடம், நீ இன்னிக்கி ஸ்ரீமுஷ்ணம் போ மாமா, ஜெபத்த நான் பாத்துக்கறேன் என்றாள்.

சிதம்பரம் போய்ப் பஸ் மாறி, ஸ்ரீமுஷ்ணத்தில் இறங்கி விசாரித்துப் போனான். வாசலில் டிராக்டர் நின்றது. சுப்பராயலு அவனைப் பார்த்ததும் பதறிப்போய்த் தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி விருத்தாம்பாள் ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கிவந்தாள். “உங்க புண்ணியம் சார்,” என்றார் சுப்பராயலு. “பதினஞ்சி நாளோட விட்டீங்க. வேற எடமா இருந்தா சீட்டக் கிழிச்சிருப்பாங்க.”

சார்லஸ் தான் பொய் சொன்னதாகச் சொன்னான். ஒருமுறை சொன்னது அவருக்கு விளங்கவில்லை, மறுபடியும் சொன்னான். விளங்கியதும் அவர் அதிர்ச்சியடையவில்லை, இன்னும் மரியாதையானார். பெரிய இடத்தில் அப்படித்தான் பேசவேண்டியிருக்கும், அதுக்கெல்லாம் நீங்க மெனக்கெட்டு வரணுமா சார் என்றார். மன்னிப்பு கேட்க வந்தவனை அவர் கேட்கவிடவே இல்லை. சார்லஸ் கலரைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

பதினைந்து நாள் இன்னும் முடியாமல் வீட்டில் இருந்த வினோதினி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது சார்? எனக்குத்தான் தெரியுமே. வந்தாங்களே, அந்தக் குழுவுக்கு எழுதுங்க.”

எழுதினான். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று முறையாக ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதினான். அவள் வாங்கி நின்றபடியே படித்தாள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

“‘நிர்வாகத்தின் வற்புறுத்தலால்’னு போட்டிருக்கீங்க.”

“ஆமாம்மா. அதுதான நடந்துச்சி.”

“நான் கன்ஃப்யூஸ் ஆயிட்டேன்னு சொல்லச் சொன்னாங்களா?”

சுப்பராயலு மகளை அதட்டினார். அவள் அசையவில்லை.

“இல்ல,” என்றான் சார்லஸ்.

“அப்ப அத அடிச்சிடுங்க.”

அவன் அடித்தான். அடித்த இடத்துக்கு மேலே ‘என் சுயநலத்தால்’ என்று எழுதினான். அந்த இரண்டு சொல்லை எழுத அவனுக்கு மீதி ஒன்றரைப் பக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. அவள் மடித்து உறையில் போட்டுக் கொடுத்தாள். வாசல்வரைக்கும் சுப்பராயலு மட்டும்தான் வந்தார்.

மூன்று மாதம் கழித்து வல்லுநர் குழுவிடமிருந்து பதில் வந்தது. தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய நடவடிக்கைக்காகத் தங்கள் கல்லூரிக்கே அனுப்பப்பட்டிருக்கிறது என்று இரண்டே வரி. கல்லூரி உரிய நடவடிக்கை எடுத்தது. எழுவர் குழு கூடியது. அன்றைக்கு வடைக்கு வேறு ஆள் ஏற்பாடு. மறுநாள் சார்லஸுக்கு உத்தரவு வந்தது. பதிவேட்டின்படி கல்லூரியில் இல்லாத மடிக்கணினி ஒன்றை அனுமதியின்றித் தயாரித்து, அதை ஆய்வகத்தில் வைத்து, மதிய உணவு இடைவேளையில் விளையாடிய குற்றத்துக்காக அவன் பணியிலிருந்து நீக்கப்படுவதாக அதில் இருந்தது. கீழே தாளாளரின் கையெழுத்து. கல்லூரியின் தரம் அப்படியே இருந்தது. வினோதினி புராஜெக்டை வேறு தலைப்பில் எழுதித் தேறினாள். சென்னையில் ஏதோ சின்ன கம்பெனியில், தானாகப் போய்க் கேட்டு வேலைக்குச் சேர்ந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டான்.

உத்தரவு வந்த அன்றைக்கே அதை வீட்டில் காட்டினான். ஜெயராணி இரண்டு முறை படித்தாள். இல்லாத லேப்டாப் என்று வாய்விட்டுப் படித்துச் சிரிக்க ஆரம்பித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவனோடு சேர்ந்து சிரிக்கிற மாதிரி அவன் தோளைத் தட்டிச் சிரித்தாள். சார்லஸ் சிரித்துப் பார்த்தான். வரவில்லை.

மறுநாள் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் உத்தரவை ஒரு நகல் எடுத்தான். அந்த மெஷின் இருந்தது என்று தாளாளர் கையெழுத்தோடு வந்த ஒரே காகிதம் அதுதான். ஸ்ரீமுஷ்ணம் விலாசத்துக்கு, வினோதினி பெயருக்கு அனுப்பினான். கூட ஒரு வரி எழுதலாமா என்று தபாலாபீஸ் மேசையில் நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்ன எழுதினாலும் அது தன்னைத் தேற்றிக்கொள்வதற்காகவே இருக்கும் என்று பட்டது. எழுதாமல் ஒட்டிப் பெட்டியில் போட்டான். பதில் வரவில்லை. வரக்கூடாது என்றும் அவனுக்கு இருந்தது.